அமுக்கிய தாத்தாவும் அழுத்தம் பார்த்த பேரனும்

ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் ஒருநாள் பொதுக் குளியல்கூடத்துக்குப் போனார். அரண்மனையில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்காதீர்கள். ஜனங்களோடு சேர்ந்து குளிப்பது அவருக்குப் பிடிக்கும். அங்கே ஒரு கிழவர், பழைய பட்டாளத்துக்காரர், சலவைக்கல் சுவரில் முதுகைச் சாய்த்து எருமை மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னய்யா பண்ணுகிறீர்?" என்றார் சக்கரவர்த்தி. "தேய்த்துவிட ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை சாமி, அதான் சுவரைப் பிடித்தேன்" என்றார் கிழவர். ஹேட்ரியனுக்கு மனசு இளகிவிட்டது. சில அடிமைகளையும், அவர்களுக்கு ஆகிற சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தே கொடுத்தார். மசாஜுக்கு அரசாங்கம் கொடுத்த மானியம் என்று நான் படித்ததில் இதுதான் பழசு.

மானியச் செய்தி ஊருக்குள் பரவாமல் இருக்குமா? அடுத்த தடவை சக்கரவர்த்தி போனபோது சுவரே தெரியவில்லை. இலவச வேட்டி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட ரேஷன் கடை மாதிரி, கிழவர்கள் வரிசையாக நின்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேட்ரியன் நிதானமாகப் பார்த்தார். "இத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேய்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பழைய ரோமச் சக்கரவர்த்திகளின் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றில் இந்தக் கதை இருக்கிறது. அந்தத் தொகுப்பில் நிறையப் புளுகு என்பது சரித்திர ஆசிரியர்களின் கட்சி. மசாஜின் சரித்திரத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான பிள்ளையார் சுழி கிடைக்காது. உடம்பைப் பிடித்துவிடுகிற கை உள்ளதைச் செய்யும். அதை விற்கிற வாய் கூடக் கொஞ்சம் சேர்த்துப் பேசும். இரண்டாயிரம் வருஷமாக வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது.

கையும் வாயும் ஒருங்கே வாய்த்த ஒரு மகானைக் காட்டு என்றால், நான் பாட்னாக்காரர் தீன் முகமதுவைக் காட்டுவேன்.

1759-இல் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனார். பையன் பத்துப் பதினொரு வயதிலேயே காட்ஃப்ரி பேக்கர் என்ற ஐரிஷ் துரையின் பின்னால் முகாம் முகாமாகச் சுற்றினான். ஜமேதார் ஆனான், சுபேதார் ஆனான். துரை வேலையை விட்டு ஊர் திரும்பியபோது தானும் கப்பலேறி, 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் போய் இறங்கினான். அங்கே ஜேன் டேலி என்ற பெண்ணைப் பார்த்தான். 1786-இல் இரண்டு பேரும் ஊரைவிட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணமே ஆகிவிட்டதால் இனிமேல் மரியாதையாக 'அவர்' போட்டுவிடலாம்.

1794-இல் அவர் தன் பயணங்களை ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகமாகப் போட்டார். ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்ட முதல் இந்தியர் என்ற பெயர் அதனால் அவருக்கு. கைக்காசைப் போடாமல் ஊர்ப் பெரியமனிதர்களிடம் முன்கூட்டியே சந்தா வாங்கி அச்சடித்தார். நம் ஊரில் முன்வெளியீட்டுத் திட்டம் என்று எழுத்தாளர்கள் துண்டேந்துகிறார்களே, அதே திட்டம். இந்த விவரத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் புத்தகத்தில் அவர் பட்டாளத்துக்காரர். டாக்டருக்குப் படித்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை.

பிறகு லண்டன். அங்கே அவருக்கு வேலை கொடுத்த துரையைச் சென்னைக்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெயர் பாசில் காக்ரேன். மதராஸில் இருந்து கடற்படைக்குச் சரக்கு சப்ளை செய்து பெரும் பணம் பார்த்த காண்ட்ராக்டர். 1806-இல் மதராஸிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய் இவர் போட்ட பணத்தில் வந்தது. முதலில் காக்ரேன் கால்வாய், நீண்டு வளர்ந்த பிறகு பக்கிங்ஹாம் கால்வாய். கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் ரோடு இன்றைக்கும் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற அவசரத்தில் சரித்திரத்தைக் கவனிப்பதில்லை. கடற்படைக் கணக்கை முடித்துத் தராமல் அதிகாரிகள் வருஷக்கணக்கில் இழுத்தடித்ததால், மனிதர் அவர்களை எதிர்த்துப் புத்தகமே போட்டார். காண்ட்ராக்டர் பில் எந்த ராஜ்ஜியத்தில் ஒரே நடையில் பாஸாகியிருக்கிறது!

இந்தக் காக்ரேன், லண்டன் போர்ட்மன் சதுக்கத்து மாளிகையில் ஒரு நீராவிக் குளியல்கூடம் வைத்தார். அதில் வேலைக்குச் சேர்ந்தார் தீன் முகமது. மதராஸில் சம்பாதித்தவர் அடுப்பு மூட்ட, பாட்னாவில் பிறந்தவர் ஆளைப் பிடித்துவிட, லண்டன் கனவான்கள் வேர்த்து வடிந்தார்கள்.

அப்புறம் அவருக்குச் சொந்தத் தொழில் ஆசை வந்தது. 1810-இல் அதே சுற்றுவட்டாரத்தில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' என்று ஒரு ஹோட்டல் திறந்தார். மூங்கில் நாற்காலி, ஹூக்கா, மசாலா போட்ட இந்தியச் சாப்பாடு. இந்தியாவில் சுருட்டிக்கொண்டு திரும்பிய துரைமார்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டார். அந்தத் துரைமார்கள் சமையல்காரனையும் இந்தியாவிலிருந்தே கூட்டிவந்திருந்தார்கள். வீட்டிலேயே கோழிக்குழம்பு கொதிக்கும்போது எவன் ஹோட்டலுக்கு வருவான்? 1812-இல் மனிதர் திவால். இன்றைக்கு இங்கிலாந்தில் முடுக்குக்கு முடுக்கு இந்திய ஹோட்டல் இருக்கிறது. முதல் போணி பண்ணியவருக்குத்தான் கல்லா நிறையவில்லை.

வயிற்றுக்குப் போட்டது நட்டமானதும் முதுகுக்கு மாறினார். 1814 வாக்கில் குடும்பத்தோடு பிரைட்டன் போனார். கடற்கரை ஊர். முந்தின நூற்றாண்டில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்று ஒரு டாக்டர், கடல்நீரில் குளித்தால் வியாதி போகும், குடித்தால் இன்னும் நல்லது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதை நம்பிப் பணக்கார நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து உப்புத்தண்ணீரை முழுங்கிக்கொண்டிருந்தார்கள். கடல்நீரையே குடிக்கிறவன், நாம் கொஞ்சம் அமுக்கினால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறான்? தீன் முகமது இடத்தைச் சரியாகத்தான் பிடித்தார்.

அவருடைய வைத்தியத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த நீராவி. நம் வீட்டில் ஜலதோஷத்துக்குத் தலையில் போர்வையைப் போட்டு வேது பிடிக்கிறோம் இல்லையா, அதையே ஆளுயரத்துக்குச் செய்தது மாதிரி ஒரு ஃபிளானல் துணிக் கூடாரம். உள்ளே பிரபு உட்கார்ந்து இட்லியாக வேக வேண்டும். கூடாரத்தின் பக்கவாட்டில் சட்டைக்கை மாதிரி இரண்டு கை தைத்திருக்கும். பிடித்துவிடுகிறவர் வெளியே நின்றபடி, அந்தச் சட்டைக்கைக்குள் கையை நுழைத்து, உள்ளே வெந்துகொண்டிருக்கிற பிரபுவைக் கசக்கிப் பிழிவார். முகம் தெரியாது, பேச்சு கேட்காது, மூட்டை வாங்க வந்த வியாபாரி கோணிக்குள் கைவிட்டுப் பார்ப்பது மாதிரி இரண்டு கை மட்டும் வந்து போகும். எந்தப் பிரபுவும் வெளியே வந்து குறை சொன்னதாகத் தெரியவில்லை. சீமாட்டிகளைக் கவனித்துக்கொண்டது ஜேன் அம்மாள்.

1821-இல் கிங்ஸ் ரோட்டில் கடலைப் பார்த்தபடி சொந்தக் குளியல்கூடம் எழும்பியது. குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களை அங்கே சுவரில் மாட்டிவைத்தார். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கைகால் காணிக்கை பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புரியும். ஊன்றுகோலை மறந்து வைத்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் சுவரும் சொல்லாது. நான்காம் ஜார்ஜ் மன்னர் பிரைட்டனில் வெங்காய வெங்காயமாகக் கோபுரம் வைத்து ஓர் அரண்மனை கட்டிக்கொண்டு, வாதமும் தொப்பையுமாக அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும், அவருக்குப் பிறகு வந்த தம்பி நான்காம் வில்லியமுக்கும், தீன் முகமது அரண்மனை ஷாம்பூ சர்ஜன். கேலியாகச் சொல்லவில்லை, பதவியின் பெயரே அதுதான்.

ஷாம்பூ என்றால் அந்தக் காலத்தில் தலைக்குப் போடுகிற நுரை இல்லை. ஹிந்தியில் 'சாம்ப்போ' என்றால் 'அமுக்கு' என்று அர்த்தம். வேலைக்காரனைப் பார்த்து எஜமானர் இட்ட கட்டளையை வெள்ளைக்காரன் பெயர்ச்சொல்லாக்கிவிட்டான். அமுக்குவது என்பது தலையை அமுக்குவதாகி, 1860-களில் தலையைக் கழுவுவதாகி, கடைசியில் கழுவுகிற சரக்குக்கே பெயராகி நின்றது. அந்தச் சரக்கை ஒருவேளைக் குளியலுக்கு ஆகிற அளவு பொட்டலத்தில் அடைத்து விற்ற பெருமை நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணனுக்கு உண்டு. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டைக் கிழிக்கும்போது ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்: அதன் மேல் 'அமுக்கு' என்று எழுதியிருக்கிறது.

1822-இல் தீன் முகமது தன் வைத்தியத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில்தான் வாய் வேலை செய்தது. தான் மருத்துவம் கற்றவர் என்றும், கம்பெனியில் சர்ஜனாக இருந்தவர் என்றும் எழுதினார். எழுதிய பிறகுதான் கணக்கு உதைத்தது. பட்டாளத்தில் சேர்ந்தபோது பத்துப் பதினொரு வயதென்றால், மருத்துவம் படித்தது தொட்டிலிலா? மனிதர் அசரவில்லை. பிறந்த வருஷத்தைப் பத்து வருஷம் முன்னால் தள்ளி 1749 ஆக்கிவிட்டார். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே ரிட்டயர்மென்ட்டை உத்தேசித்து வயதைக் குறைத்துப் போடுகிற ஹெட்மாஸ்டர்கள் உண்டு. டாக்டராவதற்காக வயதைக் கூட்டிக்கொண்டவர் என்று நான் பார்ப்பது இவரைத்தான்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தத் தொழிலில் யார் ஜாதகமும் சுத்தமில்லை. 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்று ஸ்பா வாசலில் எழுதியிருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன்காரர் பேர் ஹென்ரிக் லிங் என்று சொல்வார்கள். லிங் வாள்சண்டை வாத்தியார். 1813-இல் ஸ்டாக்ஹோமில் தேகப்பயிற்சிக் கல்லூரி திறந்தார். ஆளை ஆட்டி, நீட்டி, மடக்குவதில் விற்பன்னர். தடவுவது, பிசைவது, தட்டுவது என்று இன்றைக்கு மேஜையில் நடக்கிற வரிசையை ஒழுங்குபடுத்தி வைத்ததற்காகக் குறிப்பிடப்படுபவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த டாக்டர் யோஹான் மெட்ஸ்கர். அந்த அசைவுகளுக்கு வழங்குகிற பெயர்களோ எஃப்ளூராஜ், பெட்ரிஸாஜ் என்று எல்லாம் பிரெஞ்சு. ஆக, டச்சுக்காரர் வகுத்ததைப் பிரெஞ்சில் பெயர் சொல்லி, ஸ்வீடன் போர்டு மாட்டி, அண்ணா நகரில் தேங்காயெண்ணெய் போட்டுச் செய்கிறார்கள். மெட்ராஸில் கிடைக்காத 'மெட்ராஸ் கறி' சீமையில் விற்கிறதே, அதற்கு இது சரியாய்ப் போயிற்று.

1894-இல் லண்டனில் இன்னொரு கூத்து. மசாஜ் கூடம் என்ற போர்டுக்குப் பின்னால் வேறு வியாபாரம் நடக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் கிழித்து எழுதியது. ஊர் சிரித்தது. யோக்கியமாகத் தொழில் செய்துகொண்டிருந்த நர்சுகளுக்கு மானம் போயிற்று. நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஆண்களைத் தொடுவதில்லை, பொதுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதில்லை என்று கறாரான சட்டம். அந்தச் சங்கம்தான் வளர்ந்து இன்றைக்கு பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமாக நிற்கிறது. உங்கள் பிசியோதெரபிஸ்ட் சிரிக்காமலே காலை மடக்குகிறார் என்றால் அது பரம்பரைக் கூச்சம்.

சரி, இத்தனை புளுகுக்கும் நடுவே உடம்புக்கு என்னதான் ஆகிறது?

போன வருஷம் மருமகனின் வற்புறுத்தலால் நானும் ஒரு ஸ்பாவில் போய்ப் படுத்தேன். காகிதத்தில் செய்த ஓர் உள்ளாடையைக் கொடுத்தார்கள், போடும்போதே கிழிந்தது. புல்லாங்குழல், சந்தன வாசனை, முகம் புதைக்க ஓட்டை வைத்த மேஜை. "சாருக்கு லாக்டிக் ஆசிட் நிறையக் கட்டியிருக்கு. நாலு சிட்டிங்ல டாக்ஸின் எல்லாம் வெளியே வந்துரும்" என்றது மேலேயிருந்து ஒரு குரல். ஓட்டை வழியாக நான் பார்த்தவரை தரையில் ஒன்றும் வந்து விழவில்லை.

விழவும் செய்யாது. ஓடினால் தசையில் சேருகிற லாக்டேட்டை உடம்பே ஒரு மணி நேரத்துக்குள் எரித்துவிடுகிறது. நான் கடைசியாக ஓடியது 1998-இல், பஸ்ஸைப் பிடிக்க. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை சைக்கிள் மிதிக்கவிட்டுச் சோர்ந்ததும், ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிஷம் மசாஜ் செய்தார்கள். பிறகு இரண்டு காலிலிருந்தும் துளித்துளித் தசையை எடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. லாக்டேட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அமுக்கிய காலில் வீக்கத்தைக் கிளப்புகிற சமிக்ஞைகள் குறைவாக இருந்தன. உயிரணுவின் எரிசக்தி அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உண்டாக்கச் சொல்லும் சமிக்ஞை கூடியிருந்தது. கை ஏதோ செய்கிறது. செய்வது ஒன்று, வாய் விற்றது வேறொன்று.

வலி எப்படிக் குறைகிறது? கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தேய்த்துவிட்டுக்கொள்கிறோம். 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் இதற்கு ஒரு கொள்கை சொன்னார்கள். தொடுகையின் சேதி தடித்த நரம்பில் எக்ஸ்பிரஸ் மாதிரி வருகிறது. வலியின் சேதி மெல்லிய நரம்பில் பாசஞ்சர் மாதிரி வருகிறது. எக்ஸ்பிரஸ் முன்னால் வந்துவிட்டால் முதுகுத்தண்டில் கேட் பாதி மூடிக்கொள்கிறது. பாசஞ்சர் அவுட்டரில் நிற்கிறது. கேட் திரும்பத் திறக்கும். மசாஜின் சுகம் அன்றைக்கோ மறுநாளோ கரைந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

இதமான தடவலுக்கென்றே தோலில் தனி நரம்புகள் இருக்கின்றன. விநாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால் அவை நன்றாகச் சிலிர்க்கின்றன. பேரனைத் தூங்கவைக்கப் பாட்டி முதுகைத் தடவுகிற வேகம் அது. எந்தப் பாட்டியும் ஸ்கேல் வைத்துப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் என்ற அம்மாள், குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 15 நிமிஷமாகப் பத்து நாள் பிடித்துவிட்டுப் பார்த்தார். மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை ஏறி, ஆறு நாள் முன்னதாகவே அவை வீட்டுக்குப் போயின. 1986-இல் அது வெளியானபோது, நம் ஊரில் காலை நீட்டிக் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த எந்தக் கிழவியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கையில் வேலை இருந்தது. மூக்கில் ஊதுவதையும் காதில் எண்ணெய் விடுவதையும் மட்டும் அவள் விட்டிருக்கலாம்.

விட வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. முடிதிருத்தும் நாற்காலியில் கழுத்தைத் திருகிச் 'சொடக்' என்று எடுக்கவிடாதீர்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒற்றைக் கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் யாரையும் அமுக்கச் சொல்லாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். டாக்டரிடம் போங்கள். 1822-இல் ஆன டாக்டர் வேண்டாம்.

தீன் முகமது 1851 பிப்ரவரியில் காலமானார். பிரைட்டன் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்தில் அவர் கல்லறைக் கல்லில் வயது 101 என்று வெட்டியிருக்கிறது. உண்மையில் 91 இருக்கும். கல்லில் ஏறிய பிறகும் அந்தப் பத்து வருஷம் இறங்கவில்லை.

அவர் இறந்தபோது ஒரு பேரனுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. பெயர் ஃபிரெடரிக் அக்பர் முகமது. இவர் நிஜமாகவே டாக்டருக்குப் படித்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருக்கும்போதே, மணிக்கட்டில் கட்டி நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியைச் சீர்திருத்தினார். ரத்த அழுத்தம் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் ஏறும் என்று பெரியவர்கள் நம்பிய காலத்தில், சிறுநீரகத்தில் கோளாறே இல்லாதவருக்கும் அழுத்தம் ஏறியிருக்கலாம், அது வெளியே தெரியாமலே உடம்பைக் கெடுக்கலாம் என்று அந்தக் கோடுகளை வைத்துக் காட்டினார். 1884-இல் டைபாய்டு வந்து போய்ச் சேர்ந்தார். வயது 35. தாத்தா கூட்டிக்கொண்ட பத்து வருஷத்தில் பாதியாவது இவருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

தாத்தா அமுக்கினார், பேரன் அழுத்தம் பார்த்தார். தாத்தா கொடுத்தது ஒருநாள் சுகம். பேரன் கண்டுபிடித்தது வலிக்காது, வீங்காது, எந்தக் கை தடவினாலும் தட்டுப்படாது. அதனால் ஸ்பாவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். டாக்ஸின் வெளியே போகும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுத் தூங்குங்கள். நாற்பது தாண்டியவர்கள் மட்டும், போகிற வழியில் பேரனுக்கு மரியாதையாக ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டு, அப்புறம் தாத்தாவிடம் முதுகைக் காட்டுங்கள்.